அத்தை மைக்கைக் கீழே வைக்காத மத்தியானம்

பெண் பார்க்க வந்தவர்களை வெயிலில் நிற்க வைத்து அனுப்பிய குடும்பம் என்று உறவுக்காரர்கள் எங்களை இன்றும் சொல்வார்கள். சொல்லட்டுமே! நிற்க வைத்தவள் என் அத்தை. கூட இருந்தவள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். அதே குடும்பம் திரும்ப வந்தால் அதே மைதானத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வைப்பேன்.

அத்தை அப்பாவின் தங்கை. கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர், அடுகோடியில் எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம், ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி, அரசாங்க லைசென்ஸ் எடுத்து, யாரோ கழித்துவிட்ட பழைய செட் ஒன்றை வாங்கியிருந்தாள். மொட்டைமாடியில் கம்பி கட்டியிருந்தது. பொழுது சாய்ந்ததும் மைக்கைப் பிடித்தாளென்றால் இலங்கை, மலேசியா, ஜப்பான் என்று முகம் தெரியாதவர்களோடெல்லாம் பேச்சு. அந்த நேரத்தில் வீட்டில் குக்கர்கூட விசில் அடிக்கக் கூடாது. மைக்குக்குப் பக்கத்தில் தும்மினாலும் உலகம் முழுக்கக் கேட்கும் என்று அப்பா நம்பினார். பொத்தானை அழுத்தினால்தான் குரல் போகும் என்பது அத்தைக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அப்பாவின் நம்பிக்கையை அத்தை ஒருநாளும் கெடுக்கவில்லை.

வீட்டு ஓனரம்மாவுக்கு அந்தக் கம்பியைக் கண்டாலே ஆகாது. டிவியில் கோடு விழுகிறது, இடி இறங்கும் என்று தினம் ஒரு காரணம். "தெகீரி, மொதலு தெகீரி" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே இருந்தவர், அத்தை கழற்றாததால் ஒருநாள் தானே மாடியேறிக் கத்தரித்துப் போட்டுவிட்டார். அத்தை அழுவாள் என்று பார்த்தேன். எங்கே அழுதாள்!

"மாடி அவங்களுது, சரி. ஆகாசமும் அவங்கப்பன் வீட்டுதா?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்குக் கடையைத் தூக்கிவிட்டாள். அங்கே பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று. தண்ணீர் பாட்டிலில் தூண்டில் நரம்பைக் கட்டிக் கிளைக்கு மேலே வீசுவாள். அந்தப் பக்கம் விழும் பாட்டிலை ஓடிப்போய்ப் பிடிப்பது என் வேலை. நரம்பில் கம்பியைக் கட்டி மேலே இழுத்தால் ஏரியல் தயார். கீழே செட், ஸ்கூட்டர் பேட்டரி, ஓர் இயர்போன். இயர்போனின் ஒரு முனை அவள் காதில், இன்னொன்று என் காதில். எப்போதும் சாயங்காலம்தான் போவோம். ஏன் என்று கேட்டதற்கு, "நம்ம அலை சோம்பேறி அலை. உச்சி வெயில்ல தூங்கும். வெயில் எறங்குனாதான் தூரத்து ஆளுங்க வருவாங்க" என்று சொல்லியிருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் அத்திபெலேயிலிருந்து வரன் வந்தது. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளைக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஒரே ஒரு நிபந்தனை, அந்த ரேடியோ கூடாது. கண்ட ஆம்பளைங்களோடு பேசுகிற பழக்கமெல்லாம் நம் வீட்டுக்குச் சரிப்படாது என்று மாப்பிள்ளையின் அம்மா போனிலேயே சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முன்பே செட்டை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுகிறோம் என்று அப்பாவும் தலையாட்டிவிட்டார். அத்தை, "எனக்கு இந்த எடம் வேணாம்ண்ணா" என்று அடுப்படியில் சொன்னாள், வாசலில் சொன்னாள், சாப்பிடும்போதும் சொன்னாள். கல்யாணம் என்றால் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டு அப்பா சட்னி கேட்டார். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர்கள் வருவதாகச் சொன்னது ஞாயிறு பகல். அத்தை பட்டுப்புடவை கட்டி, பூ வாங்கி வருவதாகச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட ஒரு குழந்தை இருந்தால் பெண் எங்கே போனாலும் எங்கள் வீட்டில் கேள்வி கிடையாது. கட்டைப்பை ஏன் அவ்வளவு கனக்கிறது என்றுகூட யாரும் கேட்கவில்லை.

மைதானத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. பாட்டிலை வீசினோம், கம்பி ஏறியது. அத்தை மைக்கை எடுத்து, "சிக்யூ, சிக்யூ" என்று கூப்பிட்டாள். யாராவது இருக்கிறீர்களா என்று அர்த்தம். பொத்தானை விட்டுக் கேட்டாள். என் காதில் எண்ணெயில் வடை வேகிற மாதிரி சத்தம், வேறொன்றுமில்லை. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் வடைதான். பாவம், பதற்றத்தில் அத்தைக்கு நேரம் மறந்துபோய்விட்டது என்று எனக்குத் துக்கமாக இருந்தது.

அலமாரியில் செட் இல்லாததைப் பார்த்த அப்பாவுக்கு இடம் தெரிந்துவிட்டது. நாங்களும் வருகிறோம் என்று, வீட்டுக்கு வந்து காத்திருந்த மாப்பிள்ளை வீட்டாரும் கூடவே கிளம்பி வந்துவிட்டார்கள். அப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தை உதட்டில் விரலை வைத்து மைக்கைக் காட்டினாள். அப்பா அப்படியே அடங்கிவிட்டார். கோபத்தை உலகத்துக்கே கேட்க வைக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. "மைக்கு... ஊரெல்லாம் கேக்கும்" என்று சைகையிலும் முணுமுணுப்பிலும் அவர் சொல்ல, அவர்களும் மைக்குக்குப் பக்கத்தில் வரப் பயந்து வெயிலிலேயே நின்றார்கள். மாப்பிள்ளை கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார். அவருடைய அம்மாவின் முகத்தில் வியர்வை வழிந்தது. மரத்துக்குக் கீழே எங்களுக்கு மட்டும்தான் நிழல். அத்தை நிதானமாகக் கூப்பிட்டாள், கேட்டாள், கூப்பிட்டாள், கேட்டாள்.

கடைசியில் அப்பா மெல்ல நெருங்கி வந்து, குனிந்து என் காதருகே, "யாரும்மா பேசறது?" என்றார்.

இவ்வளவு பேர் முன்னால் என் அத்தைக்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை என்று சொல்வேனா நான்? செத்தாலும் சொல்ல மாட்டேன்.

"ஜப்பான்ப்பா" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஓரடி முன்னால் வந்தார். "ஆம்பளையா, பொம்பளையா?"

பெருமை குறையக் கூடாதே. "ஆம்பளைங்கதான். நாலஞ்சு பேரு! அத்தைக்காகக் காத்துக்கினு இருக்காங்க."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பொத்தானை அழுத்தி, முன்னைவிடச் சத்தமாக, "சிக்யூ, சிக்யூ" என்றாள்.

"நமக்கு இது ஒத்துவராதுப்பா" என்று மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தம்மா நடந்தார். உலகம் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று முழுத் தொண்டையில் சொன்னார். அப்பா பின்னாலேயே ஓடினார். அவர்கள் வண்டி திரும்பும்வரை அத்தை மைக்கைக் கீழே வைக்கவில்லை.

அன்று மாலை அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். அத்தை பட்டுப்புடவையை மடித்து வைத்துவிட்டு, "வா போலாம்" என்றாள். மறுபடி அதே மரம். இந்த முறை கூப்பிட்டதும் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. எனக்குத் தாங்கவில்லை.

"அடுத்த தடவ யாராச்சும் பொண்ணு பாக்க வந்தா சாயந்தரமா வரச் சொல்லு அத்தே. மத்தியானத்துல யாரும் பேச மாட்டாங்கன்னு நீதானே சொன்னே, மறந்துட்டியா?"

அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். மரத்தில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். எதற்கு அப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஜப்பானையே இழுத்து வந்தும் நல்ல சம்பந்தம் கைநழுவிப் போய்விட்டதே என்று நான் வருத்தத்தில் இருந்தேன்.