பெர்லிட்டாவின் நாற்பதாவது பிறந்தநாள் பரிசு

மரிக்கினாவில் எங்கள் தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள் பெர்லிட்டா. கல்யாணப் பேச்சு வந்தால் தலையை நிமிர்த்திக்கொண்டு ஒரே பதில்தான் சொல்வாள். "ரோடெலை நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

ரோடெல் கப்பலில் வேலை செய்கிறவன். எதிர்வீட்டு நெனிங்கின் அண்ணன். அவனுக்குப் பெர்லிட்டா என்று இரண்டு குடும்பமும் பேசி வைத்திருந்தது. அவன் வெளிநாட்டுக்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தபோதும், பெர்லிட்டா உதறிவிட்டதால்தான் அப்படிச் செய்தான் என்று தெரு நம்பியது. நானும் நம்பினேன். பத்து வருஷமாக அவள் அந்த மரியாதையோடுதான் நடமாடினாள்.

எனக்கும் பெர்லிட்டாவுக்கும் நெருங்கிய தோழி டுல்சே. தொலைக்காட்சியில் நகைச்சுவைத் தொடர் எழுதுகிறவள். என் மகளின் ஞானஸ்நானத்துக்கு இருவரும் ஞானத்தாயாக நின்றார்கள். அன்றிலிருந்து மூவரும் ஒருவரையொருவர் அந்த ஞான உறவைச் சொல்லி 'மாரே' என்றே கூப்பிட்டுக்கொள்வோம்.

பெர்லிட்டாவுக்கு நாற்பது வயது பிறந்த அன்று காலையிலேயே டுல்சே போன் செய்தாள். "மாரே, ராத்திரி ஏழரைக்கு டிவியைப் போடு. மூணு தோழிங்க நாற்பதைத் தொடுற கதை. அதுதான் உனக்கு என் பரிசு. நான் கேக்கோட பின்னாலேயே வரேன்."

பெர்லிட்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் பாதிப் பேரைக் கூப்பிட்டுவிட்டாள். ஆயுள் நீள வேண்டும் என்று ஒரு பெரிய தட்டு நிறைய நூடுல்ஸ் கிளறியிருந்தாள். நெனிங்குக்கு டிவிக்கு நேர் எதிரே நாற்காலி.

தொடர் ஆரம்பித்தது. ஒருத்தி நரைமுடியை மறைக்கப் படும் பாட்டைப் பார்த்து எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் பெர்லிட்டாதான். பிறகு இன்னொருத்தியின் கதை வந்தது. முப்பதாவது பிறந்தநாளில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு, காதலன் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்தபடி விமான நிலையத்தில் நிற்கிறாள். அவன் வெளியே வருகிறான். கூடவே மனைவி, தோளில் கைக்குழந்தை. இவள் சட்டென்று அட்டையைத் திருப்பிக்கொள்கிறாள். "நான் வேற ஒருத்தரைக் கூப்பிட வந்தேன்" என்று சொல்லிவிட்டு, அதை நிரூபிக்க, அந்தப் பக்கமாக வந்த வழுக்கைத்தலைப் பாதிரியார் ஒருவரை ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். பாதிரியார் பயந்து பெட்டியைக் கீழே போடுகிறார்.

வீடே குலுங்கிச் சிரித்தது. பெர்லிட்டா சிரிக்கவில்லை. கையிலிருந்த முள்கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

நெனிங் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணன் அப்பவே சொல்லுச்சு, பெர்லிட்டாவை ஏர்போர்ட்டுல பார்த்தேன், யாரோ பாதிரியாரை அவ கட்டிப்பிடிச்சான்னு. நாங்கதான் நம்பல."

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். விளங்கிக்கொள்ளாத ஒரு கிழவர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார். பெர்லிட்டா எழுந்தாள்.

"நூடுல்ஸ் இருக்கு. இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோங்க" என்று தட்டுத் தட்டாகப் பரிமாறினாள்.

கேக்கோடு டுல்சே வந்தபோது முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. "பிடிச்சுதா?" என்றாள். பெர்லிட்டா அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன்.

"அது உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன் மாரே."

"பேரை மாத்திட்டேனே. ஊரை மாத்திட்டேன்."

"பாதிரியாரை மாத்தலையே."

டுல்சே கேக் பெட்டியை அடுப்பு மேடையில் வைத்தாள். "அதுதான் எபிசோடுலயே நல்ல காட்சின்னு ஷூட்டிங்ல எல்லாரும் சொன்னாங்க. அந்தப் பொண்ணு மேல ஜனங்களுக்கு எவ்வளவு அன்பு தெரியுமா?"

"சிரிச்சாங்க. நான் பார்த்துட்டுதான் வரேன்."

"நீ சொன்னப்போ நானும் உன்கூட சேர்ந்து அழுதேன் இல்லையா? அது பொய்யா?"

"அழுதேதான். அழுதுக்கிட்டே எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டிருந்திருக்க" என்றாள் பெர்லிட்டா. குரலை உயர்த்தவே இல்லை. "அவனைப் பத்தி எனக்கு இப்போ ஒண்ணுமில்லடி. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்னு ஒரு பேச்சு இருந்துச்சு. என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டுப் போய் ஊருக்குக் காட்டிட்டே. அதுக்குப் பரிசுன்னு பேரு வேற."

டுல்சே என்னைப் பார்த்தாள். என் வீட்டுக்காரரைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவளிடம் என்னென்ன சொல்லியிருக்கிறேன் என்ற கணக்குதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போய்விட்டாள். கேக்கை யாரும் வெட்டவில்லை.

மறுநாள் கடையில் ஒரு பெண், தலையில் சாயத்தோடு, அந்தக் காட்சியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம். "அது நான்தான்" என்றாளாம் பெர்லிட்டா. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொன்னாள். கேட்கிறவர்கள் சீக்கிரமே ஓய்ந்துபோனார்கள்.

டுல்சே இரண்டு முறை கடை வாசலுக்கு வந்தாள். உள்ளே நாற்காலி காலியாக இருந்தும், "ஆள் வராங்க" என்று சொல்லிவிட்டாள் பெர்லிட்டா.

மழைக்காலம் முடிந்த பிறகு அந்தத் தொடரில் சமையலறைச் சண்டையும் வந்தது. கேக் பெட்டி, அழுதுகொண்டே குறித்துக்கொண்ட பேச்சு, எதுவும் பாக்கியில்லை. அதைப் பெர்லிட்டா பார்க்கவில்லை. முடி வெட்டிக்கொள்ளப் போன என்னிடம்தான் கேட்டாள்.

"கடைசியில என்ன ஆச்சு?"

"ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதீங்க."

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "ஓ, அதை மட்டும் அவளா எழுதியிருக்கா" என்று சொல்லிவிட்டு, என் தலையைக் குனியவைத்துப் பின்கழுத்து முடியை வெட்ட ஆரம்பித்தாள்.