கயிறு பிடிப்பவர்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, திரேஸ்புரம் கடற்கரைத் தேநீர்க் கடையில் அவரைச் சந்தித்தேன். கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவரை மேலே இழுக்க, படகிலிருந்து கயிறு பிடிப்பவர். உள்ளங்கை முழுக்கத் தழும்பு. காதில் மாட்டிய ஒயரை ஓயாமல் சுண்டி இழுத்தபடி, கைபேசியில் ஒரு சாகச வீரன் கார்ட்டூன் பார்த்தார். முடிந்ததும் முகம் சுளித்தார்.

“என்னத்த எடுத்திருக்கான்! கூட இருக்க ரோபோ அவனத் தனியா எங்கயும் விடமாட்டேங்கு. ஒடனே இவன் அதோட சுவிட்ச அணைச்சுட்டுப் போயிருதான். ஏம்லே விடமாட்டேங்கன்னு ஒரு வார்த்த கேட்டானா, அண்ணாச்சி?”

“நீங்க இன்னைக்குக் கடலுக்குப் போகலையா?”

“தங்கச்சி மாப்பிளைக்குத்தான் பிடிப்பேன். சங்கு அள்ள விடாம சீக்கிரமே இழுத்துருதேனாம். இன்னைக்கு வேற ஆளக் கூட்டிட்டுப் போயிட்டான்.”

குளிப்பவரின் மனைவியுடன் பிறந்தவனே கயிறு பிடிப்பது இங்கே பழைய வழக்கம் என்று படித்திருக்கிறேன். தங்கை தாலியறுக்க அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை.

மாப்பிள்ளை போன படகு தெரிந்ததும் எழுந்து ஓடினார். அதில் அவன் நிற்பதைக் கண்டதும், அவன் கண்ணில் படாமல் கடைக்குத் திரும்பிவிட்டார்.

அப்படித் திட்டிய கார்ட்டூனையே மறுபடி முதலிலிருந்து போட்டார். ஏன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. இம்முறை ஒயரை அவர் இழுக்கவில்லை.