மூன்று ஆறுகளுக்கு ஒரு பெயர்

என் மகளின் சமூக அறிவியல் ஆசிரியை குறிப்பு எழுதிப் போடுவதில்லை. கேள்வி கேட்டு, பிள்ளைகளைப் பேசவைத்தே பாடம் நடத்துவார். பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் அதை நிறுத்தச் சொன்னார்.

"எப்பப் பாரு பேசிக்கினே இருக்குதுங்க. மனப்பாடம் பண்ணாதானே மார்க்கு வரும்?"

தலைமையாசிரியரும் தலையாட்டினார். கூட்டத்தில் வாயே திறக்காத நான் எப்படியோ எழுந்துவிட்டேன்.

"திருமுக்கூடல்ல பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேருதுன்னு நானும் மனப்பாடம் பண்ணேன் சார். சேர்ந்தப்புறம் ஏன் பாலாறுன்னு மட்டும் சொல்றோம்னு என் பொண்ணு கேக்குறா. எனக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரியுமா?"

"பாலாறுதாம்மா பெருசு," என்றார் புகார் சொன்னவர்.

"பாலாத்துல ஏதுப்பா தண்ணி? செய்யாத்துலதான் வருது," என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் மறுத்தார்.

"வேகவதிக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, இனிஷியல் மாறிடுச்சு!" என்று ஒரு அம்மா சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

அப்புறம் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புகார் சொன்னவரே ஆசிரியையிடம், "எது சரின்னு நீங்களே சொல்லுங்க மிஸ்," என்றார்.

"நீங்க ஏன் பாலாறு பெருசுன்னு நினைக்கிறீங்க சார்?" என்று ஆசிரியை கேட்டார்.

தலைமையாசிரியர் சிரித்துவிட்டார். "மிஸ், உங்க வகுப்பு இப்படியே நடக்கட்டும்," என்றார்.

அது என் மகள் கேட்ட கேள்வி என்று, யாரும் கேட்காமலே, பக்கத்தில் இருந்தவரிடம் மறுபடியும் சொன்னேன்.