சிறி அண்ணையின் மூவ்மென்ட்

வெள்ளவத்தையில் எங்கள் மேல்வீட்டில் இருந்த ஸ்ரீஸ்கந்தராசா ஒரு காப்புறுதிக் கம்பனியில் கிளார்க். ஒழுங்கைச் சனத்துக்கு அவர் சிறி அண்ணை. மழை வருமா என்று கேட்டால்கூட "எனக்குத் தெரியாது" என்று சொல்லிப் பழகிய மனிதர். தொண்ணூற்றேழில் கொழும்பில் தமிழனாக இருக்க அது நல்ல பழக்கம்தான்.

அவருக்கு ஒரே பிள்ளை, கௌரி. யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டில் நின்று படித்தவள், ஒருநாள் ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போய்விட்டாள். எங்களிடம் லண்டனில் படிக்கிறாள் என்று சொல்லியிருந்தார். ஒழுங்கை முழுவதற்கும் உண்மை தெரியும். லண்டனில் பிள்ளை உள்ள வீட்டுச் சுவரில் பனிக்குள் நிற்கும் படம் ஒன்று கட்டாயம் தொங்கும். இவர் வீட்டில் காலண்டர் மட்டும்தான். நாங்கள் "கௌரி சுகமோ?" என்போம். அவர் "அங்க சரியான குளிராம்" என்பார். இரு பகுதியும் நாகரிகமாக நடந்துகொண்டோம்.

மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியதும் டொக்டரிடம் போனார். மனைவி பத்மாவதி ஆஸ்பத்திரி வாசலிலேயே தலைசுற்றி விழுகிறவர் என்பதால் துணைக்கு நான் போனேன். டொக்டர் சிங்களவர், நல்ல மனிதர். ஆங்கிலத்தில் விசாரித்தார்.

"மூவ்மென்ட் எப்படி?"

எங்கள் சனத்துக்கு அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: இயக்கம். சிறி அண்ணை பேயறைந்தவர்போல் எழுந்து நின்றுவிட்டார்.

"நோ மூவ்மென்ட், சேர்."

"அடியோடு இல்லையா?"

"எங்கள் குடும்பத்திலேயே ஒருவருக்கும் இல்லை, சேர்."

"எவ்வளவு காலமாக?"

"பிறந்ததிலிருந்து."

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை மரியாதையோடு பார்த்தார். அப்படிப்பட்ட நோயாளியை அவர் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார். நான் காதுக்குள், "கக்கூசுக்குப் போறதைக் கேக்கிறார், அண்ணை" என்றேன். "ஓ, அது தினமும் போகுது" என்று சொல்லி உட்கார்ந்தார்.

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்றார் டொக்டர். புற்றுநோயாகவும் இருக்கலாம். அதற்கு சிறி அண்ணையின் முகம் அசையவில்லை. மயக்க ஊசி போடுவோம், சிலர் மயக்கத்தில் ஏதாவது கதைப்பார்கள், பிறகு நினைவிருக்காது என்றபோதுதான் வெளுத்தது.

படியிறங்கும்போது என் கையைப் பிடித்தார்.

"தம்பி, ஊசியில்லாமல் செய்ய ஏலாதோ?"

"நோகுமே, அண்ணை."

"நோகட்டும். மயக்கத்தில நான் பிள்ளையின்ர கதையைச் சொல்லிப்போட்டால்? அங்க நிக்கிற நர்ஸ்மாரின்ர தம்பிமார் ஆமியில இருப்பினம். தவளை தன்ர வாயாலதான் கெடும்."

லண்டனில் படிக்கிற பிள்ளையின் கதையில் என்ன பயம் என்று நான் கேட்கவில்லை. அவ்வளவு பொல்லாதவன் அல்ல நான்.

டொக்டர் ஊசியில்லாமல் செய்ய மறுத்துவிட்டார். முதல்நாள் பேதி மருந்தைக் குடித்துவிட்டு, சிறி அண்ணை கக்கூசுக்கும் சாமிப்படத்துக்கும் இடையே ஓடித்திரிந்தார். "முருகா, என்ர வாயைக் கட்டு" என்பது கீழே எங்கள் வீட்டுக்கே கேட்டது.

மறுநாள் எல்லாம் நல்லபடி முடிந்தது. சின்னதாக ஒரு சதை வளர்ந்திருந்ததாம், வெட்டி எடுத்தாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். சிறி அண்ணை அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கட்டிலருகே நின்ற நர்ஸிடம் சிங்களத்தில் கேட்டார்.

"நான் ஏதாவது கதைத்தேனா?"

நர்ஸ் சிரித்தார். "முழு நேரமும் கதைத்தீர்கள், அங்கிள். நல்ல சிங்களம். ஒரே வசனம்தான், திரும்பத் திரும்ப. 'மட்ட துவெக் நே, சேர்.'"

எனக்கு மகள் இல்லை, ஐயா. சென்ட்ரியில் மறிக்கும் ஆமியிடம், பொலிஸில், வீடு சோதிக்க வந்தவர்களிடம் வருடக்கணக்காக அவர் சொல்லிவந்த வசனம் அது. பிள்ளையில்லாத மனிதர் என்று டொக்டரும் பாவப்பட்டாராம். சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"தப்பியிட்டீங்கள், அண்ணை. முருகன் கைவிடேல்லை" என்றேன். எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

"நினைவில்லாத நேரத்திலயும் அவளை இல்லையெண்டிட்டன், தம்பி."

பிறகு அழுதார். ஒருவருக்கும் பயப்படாமல், வார்டு முழுவதும் திரும்பிப் பார்க்க, "கௌரி, என்ர கௌரி" என்று தமிழில் சத்தமாக அழுதார். நான் வாயைப் பொத்தப் போகவில்லை.

நர்ஸ் ஓடிவந்து குனிந்தார். "ரிதெனவாத, அங்கிள்?" நோகிறதா என்று கேட்டார்.

"ஓம்" என்றார் சிறி அண்ணை.