விடுதலைக்குப் பிறகு காணாமல் போனவர்

என் கணவரை உடனே விடுவிக்கும்படி உயர் நீதிமன்றம் சொன்ன அன்று நான் கம்பெனியில் பகல் ஷிப்டில் இருந்தேன். வக்கீல் போனில் விஷயத்தைச் சொன்னதும் குவாலிட்டி செக்கிங் மேஜையிலேயே கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புறப்பட்டேன். சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும் என்று வந்துவிட்டேன். கோர்ட்டே சொன்ன பிறகு யார் என்ன செய்துவிட முடியும் என்ற திமிர் அன்றைக்கு எனக்கு இருந்தது. அந்தத் திமிர் மறுநாள் மத்தியானம்வரைகூட நிற்கவில்லை.

என் கணவர் என்ன வேலை பார்க்கிறார் என்று எங்கள் சொந்தக்காரர்களுக்கே விளங்காது. நாட்றாம்பாளையம் பக்கம் காட்டோரத்தில் ஆடு மேய்த்தவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் அடித்தால் அங்கே போய் நிற்பார். ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளி யாராவது விசாரணைக்குப் போய்விட்டு நடக்க முடியாமல் திரும்பினால், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், புகார் எழுதி, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்வரை விடமாட்டார். என் சம்பளத்தில் வீடு ஓடுகிறது, உங்கள் வாயால் வம்பு ஓடிவருகிறது என்று கேலி செய்வேன். சிரிப்பார். அப்படி எழுதிய ஒரு புகாருக்காகத்தான், கலவரம் தூண்டினார் என்று அவரை உள்ளே வைத்தார்கள். அந்தக் காவல் செல்லாது, முன்கூட்டிச் சொல்லாமல் வேறு வழக்கில் கைது செய்யவும் கூடாது என்பதுதான் உத்தரவு.

மறுநாள் காலை நானும் வக்கீலும் சிறை வாசலில் நின்றோம். சிறையிலிருந்து வருகிறவர் துவைத்த துணி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வர வேண்டும் என்பார்கள். எனக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒரு பையில் வேட்டி சட்டை வைத்திருந்தேன். வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் காவலர் ஒருவர் வெளியே வந்தார்.

"அவரு காலையிலயே போயிட்டாரேம்மா. செல்போன் எல்லாம் வாங்கிக்கினு போயிட்டாரு."

"எந்த வழியாங்க? நாங்க இங்கயேதான நின்னுக்கினு இருக்கோம்."

"பின்னாடி கேட்டு ஒண்ணு இருக்குது" என்றவர், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டதுபோலச் சட்டென்று உள்ளே போய்விட்டார்.

என் கணவர் எண்ணுக்கு அடித்தேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண்குரல் கன்னடத்தில் சொன்னது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். போன் கிடைக்காவிட்டால் அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று கேட்க மாட்டோம், எந்த மொழியில் சொல்கிறது என்று கேட்போம். தமிழ் என்றால் ஆள் இந்தப் பக்கம். கன்னடம் என்றால் எல்லையைக் கடந்து அத்திப்பள்ளி தாண்டியாகிவிட்டது. ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் குடிக்கப் போன கணவன்மாரை கம்பெனியில் எங்கள் லைனில் பல பெண்கள் இப்படித்தான் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்கள். என் கணவர் குடிக்க மாட்டார். அதனால் அவர் எண்ணில் அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"கர்நாடகா கொண்டுபோயிட்டாங்க சார்" என்றேன்.

வக்கீலும் ஓசூர்க்காரர்தான். போனை வாங்கி அவரும் கேட்டார். "ஆமாம்மா, அந்தப் பக்கந்தான்" என்றார். அங்கே ஏதாவது வழக்கை ஒட்டவைத்துவிட்டால் இங்கே வாங்கிய உத்தரவை மதிக்க வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்கள் என்று அவர் விளக்கியபோது எல்லாம் சரியாகப் பொருந்தியது. எங்கள் பக்கத்துப் போலீஸிடம் கேட்டதற்கு, விட்டாச்சு, வீட்டில் போய்ப் பாருங்கள் என்றார்கள்.

ஆட்கொணர்வு மனு போடும் வேலையை வக்கீல் பார்த்தார். நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, தினமும் காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை வழியாக எல்லை தாண்டிப் போனேன். ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்கினேன். "நம்ம கடெ யாரூ பந்தில்லம்மா" என்றார் ஒரு கன்னடக் காவலர். எங்கள் பக்கம் யாரும் வரவில்லை என்கிறார். அவர் சொன்னது உண்மை. நான் நம்பவில்லை. தெரிந்த கன்னடத்தையெல்லாம் திரட்டி அவரைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்.

வழியெல்லாம் என் கணவர் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருப்பேன். அதே குரல். நாள் போகப் போக அதோடு பேசவே ஆரம்பித்துவிட்டேன். அவர் சாப்பிட்டாரா என்றுகூடக் கேட்டிருக்கிறேன். வீட்டில் படுத்தால் மின்விசிறிச் சத்தத்துக்குள் அது பேசும். இன்றைக்கும் யாருக்காவது அடித்துக் கன்னடத்தில் பதில் வந்தால் உடனே வைத்துவிடுவேன்.

ஒரு நாள், கெலவரப்பள்ளி அணையில் ஆண் பிணம் ஒதுங்கியிருப்பதாகப் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஓடினேன். மதகைத் தாண்டி ரசாயனக் கழிவு நுரை ஆள் உயரத்துக்கு நின்றது. கரையில் கிடத்தியிருந்தார்கள். துணியை விலக்கினார்கள். வேறு யாரோ. "அப்பாடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதருக்கும் யாராவது போன் அடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

மனு விசாரணைக்கு வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் அவரே வீட்டு வாசலில் வந்து நின்றார். பாதி ஆளாகியிருந்தார். பாதங்கள் வீங்கியிருந்தன. எங்கே வைத்திருந்தார்கள் என்று மறுபடி மறுபடி கேட்டேன். சோறு போட்டேன். சாப்பிட்டார். எழுந்துபோய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். நாளைக்கு நீதிபதியிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், உத்தரவை மீறியவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றார், விஷயம் கேட்டு வந்த வக்கீல். இவர் தலையை மட்டும் அசைத்தார்.

சென்னையில் நீதிபதி அவரைப் பார்த்துக் கேட்டார், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று.

"மத்தூர்ல சொந்தக்காரங்க வீட்ல இருந்தேன் ஐயா. என் விருப்பப்படிதான் போனேன்."

மத்தூரில் எங்களுக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. யாராவது மிரட்டினார்களா என்று நீதிபதி இரண்டாவது தடவையாகவும் கேட்டார். "இல்லீங்க ஐயா" என்றார் இவர். மனு முடித்துவைக்கப்பட்டது. வக்கீல் எங்கள் முகத்தைப் பார்க்காமல் கவுனைக் கழற்றி மடித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஊருல இருக்கிறவங்களை எல்லாம் பயப்படாத, உண்மையச் சொல்லுன்னு சொன்ன வாய்தான இது? இன்னைக்கு அந்த வாய்க்கு என்ன வந்துச்சி?" பக்கத்து சீட்டுக்காரர்களெல்லாம் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. கிருஷ்ணகிரி தாண்டும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். அதன் பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"செக்போஸ்டுக்கு முன்னாடி பூட்டிக் கெடக்குற கெஸ்ட் ஹவுஸ் ஒண்ணு இருக்குதில்ல. அங்கதான் வெச்சிருந்தாங்க."

இந்தப் பக்கம். எல்லைக்குள்ளேயே. அந்த இடத்தில் நின்றால் எந்தப் போனும் அந்தப் பக்கத்து டவரைத்தான் பிடிக்கும். ஓசூரில் இது தெரியாத ஆள் யார்? மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதே, கர்நாடகம் உங்களை வரவேற்கிறது என்று எனக்கு மெசேஜ் வரும். தெரிந்திருந்தும் எனக்கோ வக்கீலுக்கோ அது உறைக்கவே இல்லை. தினமும் நான் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

"மாடி ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருக்கும்" என்றார். "தெனமும் காலையில என்னை அங்க கொண்டாந்து நிக்க வெப்பாங்க. நீ வண்டியில போவ. மொத நாளு பச்சை சுடிதாரு. இன்னொரு நாளு மழையில நனைஞ்சிக்கினே போன. கத்துனாலும் உனக்குக் கேக்காது."

"அடிச்சாங்களா?"

"ஆரம்பத்துல. அப்புறம் அடிக்கல, அதுக்கு அவசியமே இல்லாமப் போச்சி. நீ போறதக் காட்டி, 'பாரு, தனியாத்தான் போறா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. அவ்ளோதான்."