கங்காணியின் தேத்தண்ணி

என் வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி. கொழுந்து பறிக்கும் நாற்பது பெண்களை மேய்ப்பது அவர் வேலை. அந்த நாற்பதில் நானும் ஒருத்தி. கொழுந்தை எடை போட்டு முடியும்வரை யாரும் தன் நிரையை, அந்தச் செடி வரிசையை, விட்டு நகரக்கூடாது என்பது அவர் சட்டம். பெண்டாட்டி என்பதற்காக எனக்கு ஒரு நிமிடம்கூடச் சலுகை கிடையாது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், நான் பிளாஸ்கில் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியை அவர் தேயிலைத் தூரில் கவிழ்ப்பதைப் பார்த்துவிட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் கேட்டதற்கு, "வாய மூடு" என்றார். காரணம் பிறகுதான் எனக்கு விளங்கியது. ஐம்பதைத் தாண்டியவர். ஒன்றுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். போய் வந்த கையோடு திரும்பவும் முட்டும். இடுப்பளவுச் செடிக்கு நடுவே, மேலும் கீழும் பெண்கள் நிற்க, அவர் எங்கே ஒதுங்குவார்? தான் போட்ட சட்டத்தைத் தானே எப்படி மீறுவார்? அதனால் பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமலே காலம் தள்ளியிருக்கிறார்.

ஒரு மத்தியானம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நிரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சுத்தமாக அடைத்துவிட்டது. கொழுந்து லாரியில் ஏற்றி ரிங்லெட் டவுன் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். குழாய் விட்டு எடுத்தார்கள். பிறகு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெருக்குகிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். இவர் முடியாது என்று அடம் பிடித்தார். ஆண்மை போய்விடும் என்று லயன் வீடுகளில் எவனோ சொல்லியிருக்கிறான்.

"நாலு பெத்தாச்சு, போதும்லா. நீங்க உசுரோட வாங்க," என்றேன். அதற்குப் பிறகுதான் சம்மதித்தார்.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய அன்று, காலைப் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவதற்கு முன் எல்லோர் முன்னாலும் நின்றார்.

"ஆளுக்கொரு கத பேசிக்கிறீங்க. எனக்கு ஒன்னுக்கு அடைச்சிருச்சு. ஆபரேஷன் பண்ணி இப்ப நல்லா போவுது. ஆம்பளைங்க யாருக்காச்சும் சொட்டுச் சொட்டா போனா டிஸ்பென்சரில சொல்லுங்க, என்னைப் போல மறைக்காதீங்க. இனிமே நிரையில அவசரம்னா யாரும் என்னைக் கேக்க வேணாம். போயிட்டு வாங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் களத்தில் எத்தனையோ துரைமார் பேசிக் கேட்டிருக்கிறேன். என் புருஷன் பேச்சுக்கு ஒன்றும் ஈடில்லை. அந்த வாரமே மூன்று கிழவர்கள் டிஸ்பென்சரி வாசலில் நின்றார்கள்.

பேசிய அன்றே பத்து மணிக்கு, எல்லோரும் பார்க்க, பிளாஸ்கைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கொஞ்ச நேரத்தில் கீழ்ச் சரிவுப் பக்கம் நடந்தார். யாரும் சொல்லாமலே முப்பத்தொன்பது பெண்களும் மேட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நான் மட்டும் திரும்பவில்லை. அவர் நிமிர்ந்து நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.