இட்லி மாவு மாவுதானா?

வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடிய வருஷம், ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு மில் ஓடுவதாகக் கரண்ட் ஆபீஸில் கண்டுபிடித்தார்கள். இருந்தது ஒரே ஒரு கிரைண்டர். நான் அரைத்து விற்ற இட்லி மாவில்தான் எங்கள் அடுப்பே எரிந்தது. "மாவு மில்லுக்கு வீட்டு லைன் ஆகாது, அடுத்த வாரம் கட் பண்ணிடுவோம்" என்றார் மீட்டர் பார்க்க வந்தவர்.

"மில்லா? மில் இருந்தா இவர் ஏன்யா வீட்ல உக்காந்திருக்கார்?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். மில் மூடியதிலிருந்து மனுஷனுக்குப் பேச்சே இல்லை.

இந்த ரூல் எனக்குப் பொருந்துமா, பொருந்தாதா, சொல்லுங்கள் என்று மனு எழுதினேன். இந்த ஊர் ஆபீஸில் மனுவைக் கன்னடத்தில்தான் கொடுக்கணும். கன்னடம் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்கிற திமிரில், யாரையும் கேட்காமல் 'வீட்டில் ஹிட்டு அரைக்கிறேன்' என்று எழுதிவிட்டேன். நமக்கு உலர்ந்ததும் மாவு, கரைத்ததும் மாவு. கன்னடத்து ஹிட்டும் அப்படித்தான்.

ஆபீசர் படித்துவிட்டு, "ஹிட்டு அரைச்சா அது மாவு மில்தானேம்மா? நீங்களே ஒத்துக்கிட்டீங்களே" என்றார். போச்சுடா! சொந்தக் காசில் சூனியம்.

"வந்து பாத்துட்டு முடிவு சொல்லுங்க சார்" என்று அடம்பிடித்தேன். பாவம், வந்தார்.

குண்டானைத் திறந்தேன். புளித்துப் பொங்கியிருந்த மாவில் விரலை விட்டார். மோதிரம் வரைக்கும் அப்பிக்கொண்டது.

"இது ஹிட்டே இல்ல!" என்றார். எனக்கு உயிர் வந்தது. "அப்போ சாப்பாடா? ஹோட்டல்னா அதுக்கு வேற லைன்."

வந்த உயிர் திரும்பப் போனது. "பச்சை மாவை யார் சார் சாப்பிடுவாங்க? எங்க, நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க பாப்போம்!"

வீட்டுக்காரர் ஸ்பூன் எடுத்து வந்து நீட்டினார். ஆபீசர் எழுந்துவிட்டார்.

சில நாளில் உத்தரவு வந்தது. அரைக்கப்படுவது மாவு அல்ல, சமைத்த உணவும் அல்ல, வீட்டு லைனே போதும். படித்ததும் அழுதுவிட்டேன். கீழே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: வாசல் போர்டு இந்த உத்தரவுக்கு முரணாக இருக்கக் கூடாது.

போர்டில் தமிழிலும் கன்னடத்திலும் 'இட்லி மாவு கிடைக்கும்' என்று இருந்தது. பெயிண்டை எடுத்து 'மாவு'வை அழித்தேன். 'இட்லி கிடைக்கும்' என்று நின்றது. ஐயையோ, இது ஹோட்டல் ஆச்சே! அதையும் அழித்தேன். இரண்டு பாஷையிலும் வெறும் 'கிடைக்கும்' மிஞ்சியது.

இனி யார் வரப்போகிறார்கள் என்று பெயிண்ட் டப்பாவை மூடி வைத்தேன். மறுநாள் காலை கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டுப் பெண் தூக்குச்சட்டியோடு போர்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா கிடைக்கும்?"

நான் வாயைத் திறப்பதற்குள், எனக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. "எல்லாம் கிடைக்கும், சட்டியை நீட்டும்மா!"